இடக்கைப் பக்கம்

குளியலறையை உடைக்கத் தொடங்கிய அன்று காலை லேத்காரர் தன் மனைவியை முன்னறை நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்துவரை ஒரு பழைய போர்வையைச் சுற்றிவிட்டார். தூசி படாமல் இருக்கத்தான். உள்ளே முதல் சுத்தியலடி விழுந்ததும் அவளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நம்ம வீடுதான். நாமதான் உடைக்கிறோம்" என்றார்.

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எங்கள் தெருவில் அவருக்கு லேத்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரே பட்டறையில் முப்பத்து நாலு வருஷம் லேத் முன்னால் நின்று இரும்பு கடைந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கையில் ஒரு குழாயைக் கொடுத்தால் விரலால் தடவிப் பார்த்தே இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லிவிடுவார். அது சரிதானா என்று அளந்து பார்க்க யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. அவர் மனைவி எங்களுக்கு ஆயாம்மா. பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் இருபத்தாறு வருஷம் ஆயாவாக இருந்தவள். எழுந்திருக்க முடியாதவர்களைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, துணி மாற்றி, படுக்க வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவாள். ஒரு நாளைக்கு எட்டுப் பேர், பத்துப் பேர். சாயங்காலம் வீடு திரும்பும்போது விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப் போயிருக்கும்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், காயப்போட்ட துணியை எடுக்கப் போன இடத்தில் அவளுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம், அவள் வேலை பார்த்த அதே வார்டில். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. இடது கையில் தடியைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்துப் பத்து எட்டு வைப்பாள். வலது கை திரும்பவே இல்லை. பேச்சு ஒற்றை ஒற்றைச் சொல்லாக வந்தது. யோசனையில் ஒரு குறையும் இல்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரியும். அதனால்தான் பார்க்கிறவர்களுக்குச் சங்கடமாக இருந்தது.

அவளைக் குளிப்பாட்டுவது லேத்காரர் வேலையாயிற்று. அந்தக் குளியலறை ஓர் ஆளுக்கே கஷ்டம். வாசலில் அரையடி உயரத்துக்கு ஒரு தடுப்புப் படி. கதவு உள்பக்கம் திறக்கும். இரண்டு பேர் நின்றுவிட்டால் கதவைச் சாத்த முடியாது. முதலில் அவளைப் படி தாண்ட வைக்க வேண்டும். அதற்கு அவர் குனிந்து, அவள் வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைப்பார். பிறகு ஸ்டூலில் உட்கார வைப்பார். முன்பின் பழக்கமில்லாத வேலை. தலையில் தண்ணீர் ஊற்றினால் மூக்கில் ஏறும், சோப்பு கண்ணுக்குள் போகும். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் அவளைத் தூக்கி நிறுத்தும்போது அவருக்குக் கால் வழுக்கியது. இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். அவர் கீழே, அவள் மேலே. அவர் கால் கதவுக்குக் குறுக்கே நீண்டு கிடந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து ஓடிப் போனவர்கள் தள்ளிப் பார்த்தார்கள், கதவு நகரவில்லை. அவர் காலை மடக்கிக் கதவு திறக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் வெளியே கொண்டுவந்து படுக்க வைத்தபோது ஆயாம்மா ஒரு சொல் சொன்னாள். "போதும்."

எது போதும் என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் மகளுக்குப் போன் செய்தார்.

மகள் வேறு நகரத்தில் வேலை பார்க்கிறாள். ரயிலில் வந்தால் முழுசாக ஒன்றரை நாள் ஆகும். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் எடுத்த விடுப்பிலேயே அவளுக்கு ஆபீசில் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். "குளியலறையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா. நாலு பக்கமும் எடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவர் எடுத்து அனுப்பினார். இவர் ஒரு வாய் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அங்கிருந்து படம் வந்துவிட்டது.

அதைப் பார்த்து லேத்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். சுவரெல்லாம் சாம்பல் நிறக் கல், பளபளவென்று. நடுவில் கண்ணாடித் தடுப்பு. எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எரியும் மஞ்சள் விளக்கு. உட்கார்ந்து குளிக்க மரப்பலகை, அதற்கு வலது பக்கச் சுவரில் பிடித்து எழுந்திருக்க வெள்ளிக் கம்பி. மூலையில் ஒரு செடி. பெரிய ஜன்னல்.

"ஏம் பாப்பா, ஜன்னலுக்கு வெளிய மரமெல்லாம் தெரியுதே. அங்க பக்கத்து வீட்டுச் சுவருல்ல இருக்கு?"

"அது கம்ப்யூட்டர் அதுவா போடறதுப்பா. கண்டுக்காதீங்க. கலர் எப்படி இருக்கு, அதச் சொல்லுங்க."

"கலருக்கு என்ன, ராஜா வீடு மாதிரி இருக்கு."

அதன் பிறகு தினமும் சாயங்காலம் ஒரு படம் வந்தது. ஒன்றில் தரை கறுப்பு, ஒன்றில் சுவர் நீலம். எல்லாவற்றிலும் அந்தச் செடி இருந்தது. ஆயாம்மாவிடம் காட்டினால் அவள் போனை இடது கையில் வாங்கி வெகுநேரம் பார்ப்பாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிடுவாள். பிடித்திருக்கிறது போல என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வேலைக்கு வந்தவர்கள் புருஷனும் பெண்சாதியுமாக இரண்டு பேர். மேஸ்திரி கல் வைப்பார், அவர் மனைவி சித்தாள், கலவை போட்டு மண் சுமப்பாள். மேஸ்திரி போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படத்தைப் பார்த்தார்.

"ரொம்ப நல்லாருக்கு சார். வாட்டம் எந்தப் பக்கம்?"

"வாட்டமா?"

"தண்ணி ஓடணும்ல சார். தரை எந்தப் பக்கம் சரியணும்? இதுல தண்ணி போற ஓட்டையே காணோமே."

சித்தாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இந்தக் குளியலறையில குளிக்கறவங்க நனையறதே இல்ல போல."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பெல்லாம் அன்றோடு சரி.

உடைப்பது என்பது ஒரு நாள் வேலை என்று சொல்லியிருந்தார்கள். மூன்று நாள் ஆயிற்று. பழைய கல்லைப் பெயர்த்தால் கீழே மண் சேறாகக் கிடந்தது. கழிவுக் குழாய் எத்தனையோ வருஷத்துக்கு முன்னமே இற்றுப்போய், தண்ணீர் தரைக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தெருக் கால்வாய் வரைக்கும் தோண்டிப் புதுக் குழாய் போட வேண்டும் என்றார் மேஸ்திரி. தோண்டினார்கள். மழை பிடித்துக்கொண்டது. வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்றது. அதை வாளியால் இறைத்துவிட்டு மறுபடி தோண்டினார்கள். நடுவில் நாலு நாள் மேஸ்திரியைக் காணவில்லை. வேறொரு வீட்டில் பாதியில் விட்ட வேலை.

சிமெண்ட் தூசி ஒரு இடம் பாக்கியில்லாமல் படிந்தது. படுக்கையில், தட்டில், மாத்திரைப் பெட்டியின் மூடியில். சோற்றில் பல்லுக்கு இடையே நறநறத்தது. காலையில் முட்டையை அவித்து, ரொட்டியைப் பாலில் நனைத்து மனைவிக்கு ஊட்டுவதற்குள் மேலே ஒரு மெல்லிய சாம்பல் படலம் வந்து உட்கார்ந்துவிடும். அவர் ஊதி ஊதி ஊட்டினார்.

குளியலறை இல்லாத வீட்டில் ஆயாம்மாவுக்காக நடுவில் ஓட்டை போட்ட ஒரு நாற்காலி வாங்கி, கீழே வாளி வைத்து, முன்னறை மூலையில் போட்டிருந்தார்கள். சுற்றிலும் ஒரு படுக்கை விரிப்பைக் கயிற்றில் தொங்கவிட்டுத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் மேஸ்திரி சட்டியோடு போவார், வருவார். வாளியைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவி வைப்பது லேத்காரர். குளிப்பது என்பது ஈரத்துணியால் துடைப்பது என்று ஆகிவிட்டது. அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர்ந்தால் குனிய முடியாது, குனிந்தால் நிமிர முடியாது. அறுபத்திரண்டு வயசு. பட்டறையில் நின்ற காலத்தில்கூட இத்தனை அசதி இருந்ததில்லை என்று ஒருநாள் வாசலில் நின்று சொன்னார்.

மகள் போனில் கேட்பாள். "இன்னும் முடியலியாப்பா? மூணு வாரம் ஆச்சே."

"குழாய் போட்டுட்டு இருக்காங்கம்மா."

"படத்தை நான் அன்னிக்கே அனுப்பிட்டேனே. அவங்களுக்கு என்னதான் பிரச்சினை?"

"படம் அன்னிக்கே வந்துடுச்சும்மா. குழாய்தான் வரல."

நாலாவது வாரம் ஆயாம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. அனலாகக் கொதித்தது. தெருமுனை டாக்டரம்மாவை லேத்காரர் வீட்டுக்கே கூட்டிவந்தார். சிறுநீரில் கிருமி என்றார் டாக்டர். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறாங்க?"

"பக்கத்துலயே வச்சிருக்கேன் டாக்டர். டம்ளர் காலியாத்தான் இருக்கும்."

டாக்டர் போனபிறகு அவர் டம்ளரைப் பார்த்தார். காலியாகத்தான் இருந்தது. ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே, கம்பிக்கு நேர் கீழே, செங்கல் துண்டுகளுக்கு நடுவில் மண் நனைந்து ஈரமாக இருந்தது. கையெட்டும் தூரம். இடது கை எட்டும் தூரம்.

அவர் வந்து அவள் எதிரே தரையிலேயே உட்கார்ந்தார்.

"குடிக்காம வெளிய கொட்டிட்டு இருக்கியா?"

அவள் காலி டம்ளரை இடது கையால் ஒதுக்கி வைத்தாள்.

"ஏம்மா? உசிருக்கு ஆகற விஷயம்மா. நீ ஆஸ்பத்திரில இருந்தவ. உனக்குத் தெரியாததா?"

அவள் மூலையில் தொங்கிய திரையையும் அதன் கீழே தெரிந்த வாளியையும் பார்த்தாள். அந்தப் பக்கம் மேஸ்திரி யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆளுங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "சத்தம்" என்றாள்.

அவருக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் எழுந்துபோய், பின்பக்கத்தில் கால்வாய் ஓரமாக வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். திரும்பி வந்து மேஸ்திரியிடம் சொன்னார். "செடி, விளக்கு, கண்ணாடி எதுவும் வேணாம். தண்ணி போற வழியும் உட்கார்ற இடமும் முதல்ல வேணும். கதவு வேணும். மத்ததைக் கடவுள் பாத்துப்பார்."

"சரி சார். வந்திறங்கின டைல்ஸை என்ன பண்ண?"

மகள் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து அனுப்பச் சொன்ன சாம்பல் நிற டைல்ஸ், அட்டைப் பெட்டியோடு நடையில் கிடந்தது. இரண்டடிக்கு இரண்டடி. முகம் பார்க்கலாம், அவ்வளவு வழவழப்பு. அன்று தேநீர் குடிக்க உட்கார்ந்த சித்தாள் அதில் ஒன்றை எடுத்து ஆயாம்மாவிடம் காட்டினாள்.

"எப்படி இருக்கு பாருங்கம்மா. உங்க பொண்ணு எடுத்தது."

ஆயாம்மா கீழே வை என்று கையைக் காட்டினாள். சித்தாள் வைத்தாள். ஆயாம்மா பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள். நல்ல காலான இடது காலை நீட்டி, பாதத்தை அதில் வைத்துத் தேய்த்தாள். பாதம் சறுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டியது.

"விழும்" என்றாள்.

சித்தாள் புருஷனைக் கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வாங்க. இந்தம்மா சொல்றதக் கேளுங்க. வழுக்கி விழுந்துடுவாங்களாம்."

"படத்துல வழுக்காதே" என்றார் மேஸ்திரி. பிறகு அவரும் காலை வைத்துப் பார்த்தார்.

சித்தாள்தான் அடுத்ததைச் சொன்னாள். "இத்தன நாளா இவங்களுக்கு என்ன வேணும்னு படத்தத்தான் கேக்கறோம். அவங்க உள்ளயே இருக்காங்க, ஒரு வார்த்த கேட்டமா?"

மறுநாள் காய்ச்சல் இறங்கியிருந்தது. தரையில் சிமெண்ட் பூச்சு போட்டு இறுகியிருந்தது. வாசல்படியை உடைத்து எடுத்திருந்தார்கள். லேத்காரரும் சித்தாளுமாகப் பிடித்து அழைத்துப்போய், கழிப்பிடம் வரப்போகும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஆயாம்மாவை உட்கார வைத்தார்கள். மேஸ்திரி கையில் சாக்குக்கட்டியோடு நின்றார். ஈரச் சிமெண்டின் வாசனை. கூரையடியில் இருந்த சின்ன ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுச் சுவர் தெரிந்தது.

ஆயாம்மா சுற்றிப் பார்த்தாள். அப்போது அவள் முகம் மாறிவிட்டது என்று சித்தாள் பிறகு எங்களிடம் சொன்னாள். புது நோயாளி வந்தால் வார்டில் எப்படிப் பார்த்திருப்பாளோ அப்படி. வலப்பக்கம் கெட்டிச் சுவர், அதில் மேஸ்திரி ஏற்கெனவே படத்தில் இருந்தபடி கம்பிக்குக் கோடு போட்டு வைத்திருந்தார். அவள் தன் வலது கையை இடது கையால் எடுத்துத் தூக்கி, அந்தக் கோட்டுக்கு நேரே பிடித்து, விட்டாள். கை தொப்பென்று மடியில் விழுந்தது.

மேஸ்திரி தான் போட்ட கோட்டைக் கையால் அழித்தார்.

"அட கடவுளே" என்றார் மேஸ்திரி. "நான் ஒரு முட்டாள்."

"நானுந்தான்" என்றார் லேத்காரர். "ஒம்பது மாசமா அந்தக் கையை நான்தான் சட்டைக்குள்ள விட்டுட்டு இருக்கேன்."

ஆயாம்மா இடது பக்கச் சுவரைக் காட்டினாள். உள்ளங்கையைச் சுவரில் வைத்து, எழுவதுபோல் உடம்பை முன்னால் சாய்த்தாள். கை எங்கே போய்த் தாங்கியதோ அங்கே மேஸ்திரி கோடு போட்டார். கீழே என்றாள். போட்டார். குளிக்க உட்கார இன்னொரு இடம், குழாய், சோப்பு வைக்கும் மாடம், எல்லாம் அவள் இடது கை போன இடத்தில்தான். ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து காட்டினாள், திரும்பிக் காட்டினாள். கதவு என்று வந்தபோது வெளியே திறக்க வேண்டும் என்று கையை வீசிக் காட்டினாள். களைத்துப்போய் முகமெல்லாம் வேர்வை. நிறுத்தலாம் என்றால் தலையாட்டி மறுத்தாள்.

ஆனால் அந்த இடது பக்கச் சுவர்தான் வம்பு. அந்தப் பக்கம் சமையலறை. நாலரை அங்குலத் தடுப்புச் சுவர், செங்கல் எல்லாம் அரித்துப்போனது.

"இதுல ஸ்க்ரூ போட்டா அந்தப் பக்கம் போய் எட்டிப் பாக்கும் சார்" என்றார் மேஸ்திரி. "கழிப்பிடத்தத் திருப்பி வைக்கவும் முடியாது, குழாய் இந்தப் பக்கம் வந்தாச்சு. ஒரு ஆளு எடையை இழுத்தா சுவரோட வந்துடும்."

லேத்காரர் சுவரைத் தட்டிப் பார்த்தார். சமையலறைக்குப் போய் அந்தப் பக்கமும் தட்டிப் பார்த்தார். "ஸ்க்ரூ வேணாம். ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டு போல்ட்ட நேரா விட்டுடலாம். சமையலறைப் பக்கம் அகலமா ஒரு இரும்புத் தகடு வச்சு நட்டப் போட்டு முறுக்கிட்டா, சுவரு நடுவுல மாட்டிக்கும். இழுக்கறது தகட்டைத்தான்."

"அசிங்கமா இருக்கும் சார். சமையலறைச் சுவர்ல இரும்பு."

"இருக்கட்டும்."

அன்று சாயங்காலம் மகளுக்குப் போனில் சொன்னார். டைல்ஸைக் கடைக்கே திருப்பி அனுப்புகிறோம், கண்ணாடி வேண்டாம், எல்லாம் இடப்பக்கம் வருகிறது என்று. 

"அப்போ நான் இத்தனை நாளா அனுப்பினது?"

"நல்லாத்தாம்மா இருந்துச்சு. உங்கம்மா அதப் பாத்து ஒண்ணு கேட்டா."

"என்ன?"

"படத்தக் காட்டி 'ஆளு?'ன்னு கேட்டா. அவ்வளவு படம் அனுப்பினியே, ஒண்ணுலயும் ஆளே இல்லியாம்."

மகள் போனை வைத்துவிட்டாள். கால் மணி நேரம் கழித்து இன்னொரு படம் வந்தது. அதே சாம்பல் நிறக் குளியலறை, அதே செடி. மரப்பலகைக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒல்லியாக, கூந்தலை அவிழ்த்து விட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் ஒரு வெள்ளைத் துண்டைப் பிடித்துச் சிரித்தபடி.

லேத்காரர் தயங்கித் தயங்கி அதை மனைவியிடம் கொடுத்தார். ஆயாம்மா பார்த்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று அவர் பதறி அருகே போனார். இல்லை, சிரிக்கிறாள். வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே ஏற, கண்ணில் தண்ணீர் வழிய.

"யாரு… இவ?" என்றாள். ஒன்பது மாதத்தில் இரண்டு சொல் சேர்ந்து வந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவர் பழைய பட்டறைக்குப் போனார். இப்போது அதைப் பார்த்துக்கொள்பவர் அவருக்குப் பின்னால் சேர்ந்தவர். "லேத் அங்கதான் இருக்கு அண்ணே, நீங்க பாட்டுக்குப் போடுங்க" என்றார். ஆறு மில்லிமீட்டர் தகட்டில் ஒரு அடிக்கு ஒன்றரை அடி வெட்டி, ஓரங்களை அரத்தால் உருட்டினார். அரை அங்குல போல்ட் நாலு. பிறகு துருப்பிடிக்காத குழாயில் கம்பி. வழவழக் குழாயைச் சோப்புக் கை பிடித்தால் நழுவும். அதனால் லேத்தில் மாட்டி, கை படும் இடமெல்லாம் நர்லிங் போட்டார். ஸ்பானர் பிடியில் குறுக்கும் நெடுக்குமாகச் சொரசொரப்பாக வரி வரியாக இருக்குமே, அது. நீளக் குழாய் என்பதால் வளையாமல் தாங்கல் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டியிருந்தது. எண்ணெய் சொட்டச் சொட்ட, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முக்கால் நாள்.

கொண்டுவந்து மனைவியின் கையில் கொடுத்தார். அவள் இடது கையால் இறுக்கிப் பிடித்து, முறுக்கி, கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கை சிவந்திருந்தது.

"முள்ளு" என்றாள்.

அவர் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு திரும்பப் போனார். உப்புத்தாள் போட்டு முனைகளை மழுக்கி, தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துக் கொண்டுவந்தார். மறுபடி போக வேண்டியிருந்தது. மூன்றாம் முறை அவள் பிடித்துப் பார்த்துத் தலையசைத்தாள்.

வேலை முடிய இன்னும் பத்து நாள் ஆனது. கம்பியை மாட்டிய அன்று மேஸ்திரி அதில் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தார், தன் மனைவியையும் தொங்கச் சொன்னார். "நான் என்ன துணியா?" என்று திட்டிக்கொண்டே அவளும் தொங்கினாள். சுவர் முனகவில்லை. அதன் பிறகும் மூன்று நாள் கலவை காயட்டும் என்று மேஸ்திரி யாரையும் உள்ளே விடவில்லை.

அந்த மூன்றாம் நாள் மகள் வந்து இறங்கினாள். எப்படியோ ஒரு வாரம் விடுப்பு. பையை வைத்ததும் வைக்காததுமாகப் போய்க் குளியலறை வாசலில் நின்றாள்.

சின்னச் சின்னச் சொரசொரப்பான வெள்ளை டைல்ஸ். ஒரு இடத்தில் போதாமல் வேறு வெள்ளை. சிமெண்டில் கட்டி மேலே பலகை போட்ட இருக்கை. எல்லாம் ஒரே பக்கம் குவிந்து, இன்னொரு பக்கம் வெறும் சுவர். தரை மூலையைப் பார்த்துச் சரிந்திருந்தது. அது கண்ணுக்கே தெரிந்தது.

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்குப்பா."

"ஆமாம்மா."

சமையலறைக்குப் போனாள். அடுப்புக்கு மேலே சுவரில் கறுப்பாக ஒரு தகடு, நாலு மூலையிலும் கட்டை விரல் தடிமனுக்கு நட்டு.

"இதென்ன? ரயில் பெட்டியில இருக்கற மாதிரி. ஒரு பெயிண்ட்டாவது அடிக்கக் கூடாதா?"

"அடிக்கணும். முடியலம்மா" என்றார். அவருக்கு உண்மையிலேயே முடியவில்லை. பதில் பேச, நியாயம் சொல்ல, நிற்க, எதற்கும்.

மகள் அங்கேயே, அடுப்படியில், முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நான் அங்க இருந்துகிட்டு என்னதான்ப்பா பண்ணுவேன்? ஆபீஸ் விட்டு வந்தா எனக்கு வேற ஒண்ணும் ஓடாது. அந்தப் படத்தத்தான் மாத்தி மாத்திப் போட்டுட்டு இருப்பேன். அம்மா அதுக்குள்ள நடந்து போற மாதிரி, உட்கார்ற மாதிரி நினைச்சுக்குவேன். அதக்கூட நான் தப்பாத்தான் பண்ணிருக்கேன். வலது பக்கம் வச்சிருக்கேன். எந்தக் கைன்னுகூட நான் யோசிக்கல."

"நானும் யோசிக்கல" என்றார். "தினமும் கூட இருந்தே யோசிக்கல. நீ எங்கயோ இருந்த." அவள் தலையில் கையை வைத்தார். கையில் இன்னும் எண்ணெய்க் கறை போகாமல் இருந்தது.

மறுநாள் காலை சாப்பாடு முடிந்து வெயில் வந்தபிறகு ஆயாம்மா தடியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எங்கே என்று கேட்கத் தேவையில்லை. மகள் ஓடிப்போய் உடுப்பைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெந்நீர் திறந்து, சோப்பு, துண்டு எல்லாம் எடுத்து வைத்தாள். அம்மாவைக் குளிப்பாட்டத்தான் இத்தனை தூரம் வந்ததே என்பதுபோல் நின்றாள். ஆயாம்மா காலை இழுத்து இழுத்து உள்ளே வந்தாள். படி இல்லாத வாசலில் தடி ஒரு கணம் தேடிவிட்டு முன்னே போனது. கம்பியைப் பிடித்து, திரும்பி, இருக்கையில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"போ" என்றாள்.

"நான் ஊத்தறேன்மா."

"போ." பிறகு கதவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். "சாத்து."

மகள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அந்த வீட்டில் ஆயாம்மா உள்ளே இருக்க ஒரு கதவு முழுசாகச் சாத்தப்பட்டு ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வெளியே தாழ்ப்பாள் இல்லை, உள்ளேயும் இல்லை. அதை மட்டும் மேஸ்திரி வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தார்.

சமையலறையில் லேத்காரர் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

"விட்டுட்டா வந்த?"

"போகச் சொல்லிட்டாங்கப்பா."

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. விட்டு விட்டு, நிதானமாக. மகள் ஒவ்வொரு சத்தத்துக்கும் வாசல் பக்கம் ஓர் அடி வைத்தாள், திரும்பினாள். சோப்புப் பெட்டி கீழே விழுந்தது. இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி தண்ணீர்.

தண்ணீர் நின்றது. வெகுநேரம் ஒரு சத்தமும் வரவில்லை.

"அப்பா, நான் போய்ப் பாக்கறேன்."

"இரு." அவர் அடுப்புக்கு மேலே எட்டி, இரும்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்தார். "இங்க வா. கையை வை."

அவள் வந்து வைத்தாள். தகடு குளிர்ந்திருந்தது. ஒன்றும் தெரியவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், பட்டறையில் எந்திரம் ஓடுவதைக் கையாலேயே கேட்பவர்போல.

அப்போது உள்ளங்கைக்குக் கீழே மிக மெல்லிதாக ஒரு அதிர்வு வந்தது.

"பிடிச்சிட்டா" என்றார்.

அதிர்வு நின்றது. பிறகு திரும்ப வந்தது. இந்த முறை நிற்காமல், ஒரே சீராக, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முழு உடம்பின் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த நாலு போல்ட்டின் மேல் ஏறுவது மகளின் கைக்குத் தெரிந்தது. சுவர் அசையவில்லை. தகடு அசையவில்லை.

"எழுந்துக்கறா" என்றார் அப்பா, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல.

மகள் இன்னொரு கையையும் தகட்டின்மேல் வைத்தாள். அடுப்பில் தேநீர்த் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த இரண்டு பேரில் யாரும் கையை எடுக்கவில்லை.